சூழல் செயற்பாட்டைக் காணொளி வழியே கற்பித்த அனுபவம்

அறிவியல் ஆசிரியர் பயிற்சியில் சூழல் செயற்பாட்டை, அதாவது சுற்றுச்சூழலைக் காக்கச் செயலில் இறங்குவதை, கற்பிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, பிறர் எடுத்த ஆவணப்படங்களைத் திரையிட்டு விவாதிப்பதைவிட, பயிற்சி ஆசிரியர்களையே குறுங்காணொளி எடுக்கச் செய்வது என்று முடிவெடுத்தேன். 1977-இல் ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசியில் யுனெஸ்கோ, ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்துடன் இணைந்து நடத்திய மாநாடு, விழிப்புணர்வு, அறிவு, மனப்பாங்கு, திறன் ஆகியவற்றோடு பங்கேற்பையும் சுற்றுச்சூழல் கல்வியின் நோக்கமாக வைத்தது. வகுப்பறைகளோ பெரும்பாலும் முதல் இரண்டோடு நின்றுவிடுகின்றன.

கழிவுநீர் கலந்து பாசி படர்ந்த குளம் ஒன்றை ஒரு குழு எடுத்துக்கொண்டது. ‘இந்த நீரில் ஆக்சிஜன் இல்லை’ என்று பின்னணிக் குரலை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு, நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை அறிய உதவும் விங்க்லர் முறைச் சோதனையை நண்பகலில் படம்பிடித்தார்கள். மாங்கனீசு சல்பேட்டையும் கார அயோடைடையும் விட்டதும் புட்டிக்குள் அடர்பழுப்பு வீழ்படிவு திரண்டது. ஆக்சிஜன் தாராளமாக இருப்பதற்கான அடையாளம் அது. அந்தக் காட்சியை வெட்டிவிடலாமா என்று ஒருவர் கேட்டார். அன்றைய வகுப்பு முழுவதும் அந்தக் கேள்வியிலேயே கழிந்தது. கழிந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. பகலில் பாசி ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜனை வெளிவிடுகிறது. இரவிலோ பாசியும் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்களும் சுவாசித்தே அதைத் தீர்த்துவிடுகின்றன. ஆகவே விடியலை ஒட்டித்தான் மீன்களுக்கு மூச்சு முட்டும். இதைத் தங்களுக்குள் வாதிட்டுக் கண்டறிந்து, விடியுமுன் சென்று மறுபடி சோதித்தபோது, ஆக்சிஜன் மிகக் குறைவு என்று காட்டும்படி, வீழ்படிவு ஏறத்தாழ வெண்மையாகவே இருந்தது. இரு புட்டிகளையும் அருகருகே காட்டி, காரணத்தையும் விளக்கும்படி பின்னணிக் குரலைத் திருத்தி எழுதினார்கள்.

முதல் தொகுப்பு ‘இயற்கையைக் காப்போம்’ என்று முடிந்தது. யாரிடம், என்ன கேட்கிறோம் என்று வினவினேன். கழிவுநீர்க் குழாயைத் திருப்பிவிடும் அதிகாரம் உள்ளாட்சி அமைப்பிடம் இருந்ததால், கோரிக்கை அதற்கே உரியதாயிற்று. முகம் தெரிய ஒப்புதல் தராத ஒருவரின் நேர்காணல், மிக நன்றாக அமைந்திருந்தும், நீக்கப்பட்டது. படத்தொகுப்புக்குக் கைபேசிச் செயலியே போதுமானதாக இருந்தது.

மதிப்பிடும்போது, நீக்கிய காட்சிகளின் பட்டியலையும் ஒவ்வொன்றையும் நீக்கிய காரணத்தையும் படத்தோடு சேர்த்துக் கேட்டு வாங்குகிறேன். ஒளிப்பதிவின் நேர்த்திக்கு மதிப்பெண் குறைவு. பின்னணிக் குரலின் ஒவ்வொரு கூற்றுக்கும் திரையில் சான்று இருக்கிறதா என்பதற்கே அதிகம். அனுப்பிய கோரிக்கையின் நகலும் கிடைத்த பதிலும் உடன் இருக்க வேண்டும். பதில் வராவிட்டால், அடுத்து யாரை அணுகுவது என்ற திட்டத்தை எழுதித் தர வேண்டும்.