தண்ணீரில் கால் வைத்த பெண்

போன வாரம் ஸ்டாக்ஹோமில் ஓர் ஏல நிறுவனத்தில் ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் ஸோர்னின் எண்ணெய் ஓவியம் ஒன்று ஏலத்துக்கு வந்தது. பாறைக்கரை, கணுக்காலளவு தண்ணீர், அதில் உடையில்லாமல் குளிக்க இறங்கும் ஒரு பெண். ஏலத்துக்கு முந்தைய சில நாட்கள் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். டிக்கெட் கிடையாது, வாங்க வந்தீர்களா என்று கேட்பவரும் இல்லை. இரவுப் பணி முடிந்த கையோடு பன்னிரண்டு வயது மகளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

முதலில் அவள் கூச்சப்பட்டு வேறு பக்கம் பார்த்தாள். அப்புறம் கிட்டே போய், “அம்மா, அவங்களுக்குக் குளிருதுல்ல?” என்றாள்.

அதற்குப் பிறகுதான் நானும் சரியாகப் பார்த்தேன். தோள்கள் லேசாகத் தூக்கியிருந்தன. ஒரு கால் தண்ணீருக்குள், மற்றது இன்னும் பாறையில், குதிகால் மட்டும் எழும்பியிருந்தது. எங்கள் வீடு ஸ்டாக்ஹோமுக்குத் தெற்கே ஹானிங்கேயில். ஸோர்ன் தன் மனைவி எம்மாவோடு கோடைகளைக் கழித்த கடலோர ஊரான டாலரோ பக்கத்தில்தான் இருக்கிறது. ஜூன் மாதத்தில்கூட அங்கே தண்ணீரில் கால் வைத்தால் முழங்கால்வரை விறைத்துப்போகும். அந்தத் தோள்களை எனக்குத் தெரியும்.

ஸோர்ன் 1860-இல் ஸ்வீடனின் மூரா என்ற ஊரில் பிறந்தவர். அப்பாவை அவர் பார்த்ததே இல்லை. முதலில் நீர்வண்ணக்காரராகத்தான் பெயர் எடுத்தார். டாலரோ படகுத்துறையில் எம்மா நிற்கும் 1886-ஆம் ஆண்டு நீர்வண்ண ஓவியம் 2010-இல் 2.6 கோடி ஸ்வீடன் குரோனாவுக்கு ஏலம் போனது. அதில் தண்ணீரின் ஒவ்வொரு சுருக்கமும் பொறுமையாகத் தீட்டப்பட்டிருக்கும். 1887-88 குளிர்காலத்தில் இங்கிலாந்தின் செயிண்ட் ஐவ்ஸ் போனபோதுதான் எண்ணெய் வண்ணத்துக்கு முழுமூச்சாக இறங்கினார். அப்புறம் தூரிகை அகலமாகிவிட்டது. நான் பார்த்த படத்தில் கணுக்காலைச் சுற்றிய தண்ணீர் மொத்தமே ஏழெட்டு இழுப்புதான். மூக்கு படும் தூரத்தில் வெறும் சாம்பல் பட்டைகள். நாலடி பின்னால் வந்தால் தண்ணீர் அசைகிறது.

அந்தச் சாம்பலைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். வெள்ளை, மஞ்சள் ஓக்கர் என்கிற மண்ணிற மஞ்சள், வெர்மிலியன் சிவப்பு, கறுப்பு. இந்த நான்கை வைத்தே ஸோர்ன் எவ்வளவோ வரைந்தார். கடல் என்று வந்தால் நீலமும் எடுத்திருக்கிறார், அதையும் சொல்லவேண்டும். ஆனால் கறுப்பில் வெள்ளையைக் கலந்து, ஓக்கர் கலந்த தோலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அது நீலமாகவே தெரியும். மாலை வகுப்பில் இரண்டு வருஷமாக இதோடு மல்லுக்கட்டுகிறேன். எனக்குச் சேறுதான் வருகிறது.

இன்னொன்றும் எனக்குப் பிடிக்கும். அவர் காலத்தில் நிர்வாணம் வரைந்தால் வீனஸ் என்றோ தேவதை என்றோ ஒரு பெயர் தேவைப்பட்டது. ஸோர்ன் பெரும்பாலும் அந்தச் சாக்கைத் தேடவில்லை. குளிக்கிற பெண், அவ்வளவுதான். பிற்காலப் படங்கள் சிலவற்றில் எனக்கு மனசு ஒட்டாது. அவற்றில் பெண்கள் பார்ப்பவருக்காக நிற்கிறார்கள். இந்தப் பெண்ணுக்கு நம் நினைப்பே இல்லை, தண்ணீர் எவ்வளவு குளிரும் என்பதுதான் அவள் கவலை. ஓவியரின் பெயர் ஏலப் பட்டியலில் கொட்டை எழுத்தில் இருந்தது. அவள் பெயர் எங்கும் இல்லை. அது எனக்கு உறுத்தியது.

அங்கிருந்த ஊழியரிடம் பின்பக்கம் பார்க்கலாமா என்று கேட்டேன். கையுறை போட்டுக்கொண்டு, சுவரிலிருந்து இறக்கித் திருப்பிக் காட்டினார். பழுப்பேறிய மரச்சட்டம், கிழிந்த பழைய சீட்டு ஒன்று, பென்சிலில் ஓர் எண். அருங்காட்சியகத்தில் இதைக் கேட்க முடியுமா? தனியார் வீட்டிலிருந்து தனியார் வீட்டுக்குப் போகும் படம் இந்தச் சில நாட்கள்தான் வெளியே வந்து நிற்கிறது. மகள் ஐந்து முறை திரும்பிப்போய்ப் பார்த்தாள்.

ஏலத்தன்று வேலையிடத்து ஓய்வறையில் போனில் நேரலையைப் பார்த்தேன். இரண்டு பேர் தொலைபேசி வழியாகப் போட்டி போட்டார்கள். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை, சுத்தியல் விழுந்தது. திரையில் அடுத்த பொருள் வந்துவிட்டது, ஒரு வெள்ளிக் காபிக் கெண்டி.

சனிக்கிழமை மகளும் நானும் டாலரோ போனோம். அவள் செருப்பைக் கழற்றி ஒரு காலை மட்டும் தண்ணீரில் வைத்தாள். தோள்கள் மேலே போயின. “அசையாதே” என்று சொல்லிவிட்டு, கறுப்பையும் வெள்ளையையும் பிதுக்கினேன்.