ஐசியூவில் தொடைத் தசையை அளப்பது எப்படி

வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்குத் தசை எவ்வளவு கரைகிறது என்பதை எடை சொல்லாது. ஏற்றிய சலைன் உடம்பில் தேங்கி இழப்பை மறைத்துவிடும். 2013-இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த இங்கிலாந்து ஆய்வில், 63 நோயாளிகளின் ரெக்டஸ் ஃபெமோரிஸ் என்ற முன்தொடைத் தசையின் குறுக்குப் பரப்பு 10 நாளில் சராசரியாக 17.7% குறைந்தது. பல உறுப்புகள் செயலிழந்தவர்களுக்கு இன்னும் அதிகம். மதுரைப் பக்கத்தில் பூச்சிமருந்து குடித்து வாரக்கணக்கில் வென்டிலேட்டரில் கிடப்பவர்கள் பிழைத்தபின் காட்டுவேலைக்கும் கட்டட வேலைக்கும் திரும்ப வேண்டியவர்கள். அவர்களுக்காகவாவது இந்த அளவை எடுக்கத் தொடங்க வேண்டும். சென்ட்ரல் லைன் (பெரிய சிரைக்குள் செலுத்தும் குழாய்) போட வைத்திருக்கும் அல்ட்ராசவுண்டின் லீனியர் ப்ரோபே (தோலில் வைக்கும் தட்டையான முனை) இதற்குப் போதும்.

மல்லாக்கப் படுக்கவைத்து முட்டியை நீட்டுங்கள். பாதம் வெளிப்பக்கம் சாயாமல் ஒரு துண்டைச் சுருட்டி அண்டக்கொடுங்கள். இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து முட்டிச்சில்லின் மேல்விளிம்பு வரை டேப் பிடித்து, மேலிருந்து ஐந்தில் மூன்று பங்கில் அழியாத மார்க்கரால் கோடு போடுங்கள். நீளம் 45 செ.மீ. என்றால் கோடு 27-இல் விழும். உடம்பு துடைக்கும்போது கோடு அழியலாம் என்பதால் தூரத்தைக் கேஸ் ஷீட்டிலும் எழுதிவிடுங்கள். இந்தத் தசை முட்டியை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகும். கொஞ்சம் கீழே வைத்தாலும் இல்லாத இழப்பு தெரியும்.

அதிகம் கெடுப்பது கையின் அழுத்தம்தான். ஜெல்லைத் தாராளமாகப் போடுங்கள். ப்ரோபுக்கும் தோலுக்கும் நடுவே ஜெல் கறுப்புப் பட்டையாகத் திரையில் தெரிய வேண்டும்; அது மறைந்தால் அழுத்துகிறீர்கள் என்று பொருள். ரெக்டஸும் அதனடியில் உள்ள வாஸ்டஸ் இன்டர்மீடியஸ் தசையும் சேர்ந்து 2 செ.மீ. தடிமன் என்றால், 1 மி.மீ. நசுங்கினாலே 5% பிழை. ப்ரோப் சாய்ந்தால் பரப்பு கூடிவிடும். தொடையெலும்பின் கோடு மிகப் பளிச்சென்று தெரியும் கோணத்தில் நிறுத்தி, படத்தை ஃப்ரீஸ் செய்து (அசையாமல் நிறுத்தி), தசையுறையின் உள்விளிம்பை ஒட்டி வரையுங்கள். மூன்று முறை எடுத்துச் சராசரி போடுங்கள். டெப்த் (படத்தின் ஆழம்), கெயின் (படத்தின் வெளிச்சம்) இரண்டும் முதல்நாள் வைத்தபடியே இருக்கட்டும். முடிந்தால் ஒரே ஆள் எடுப்பது நல்லது.

தசை ப்ரோபின் அகலத்துக்குள் அடங்காவிட்டால் பரப்பை விட்டுத் தடிமனை மட்டும் எடுங்கள், கடைசிவரை அதையே.

பூச்சிமருந்து நோயாளிக்குத் தசை துடித்துக்கொண்டிருக்கும். விஷமுறிவுக்குக் கொடுக்கும் அட்ரோபின் அதை அடக்காது. துடிப்புகளுக்கு நடுவே ஃப்ரீஸ் செய்யுங்கள். விரியன் கடித்த காலையும், தொடையில் டயாலிசிஸ் கத்தீட்டர் உள்ள பக்கத்தையும் தவிர்த்துவிடுங்கள். இரண்டுமே வீங்கும்.

1, 3, 7, 10-ஆம் நாட்களில் எடுத்தால் போக்கு புரியும். 4.0 சதுர செ.மீ. 3.4 ஆனால் இழப்பு 15%. அப்போது மயக்க மருந்தைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். பிசியோதெரபிஸ்ட்டை அன்றைக்கே கூப்பிடுங்கள். ரைல்ஸ் டியூபில் (மூக்கு வழியே உணவு செலுத்தும் குழாய்) கொடுக்கச் சொல்லி எழுதியது எவ்வளவு, உண்மையில் போனது எவ்வளவு என்று கூட்டுங்கள். ஐரோப்பிய வழிகாட்டுதலின்படி படிப்படியாக எட்ட வேண்டிய புரதம் கிலோவுக்கு 1.3 கிராம், அதாவது 50 கிலோ ஆளுக்கு நாளொன்றுக்கு 65 கிராம். வெறும் கஞ்சி ஊற்றினால் அதன் பக்கத்தில்கூட வராது.