மூன்றாம் தரம்

அறுப்பின் பண்டிகைக்கு வாய்யா என்று சித்தி மூன்று வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். விளைச்சலில் ஒரு பங்கைக் கோயிலுக்குக் கொண்டுவந்து கொடுக்கிற கிறிஸ்தவப் பண்டிகை அது. இந்த முறைதான் லீவு கிடைத்தது. சித்தியின் ஊர் உடன்குடிப் பக்கம், தேரிக்காட்டு ஓரத்தில் ஐம்பது வீடுகூடத் தேறாத சின்னச் சபை. பண்டிகைக்கு முந்தின நாள் விடியற்காலையிலேயே ரயில் திருநெல்வேலியில் இறக்கிவிட்டது. ஒரு பகல் முழுக்கக் கையில் இருந்ததால், பழைய ஆலயங்களைப் பார்த்தபடியே போய்ச் சேரலாம் என்று கிளம்பினேன்.

கோயிலில் பணப் பேச்சு எடுத்தாலே எனக்குச் சின்ன வயதிலிருந்து கூச்சம். சங்கக் காணிக்கை என்கிற சபைச் சந்தாவைப் பாக்கி வைத்தவர்கள் பட்டியலை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவில் வாசித்தார்கள். அதில் அப்பா பெயரும் வந்தது. அப்போது நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த தரைக்கல்லின் பூ வேலைப்பாடு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. ஏலம், அசனம் என்கிற சபை விருந்து, விற்பனை விழா என்று வந்தால் விலகி நிற்பதே அதற்கப்புறம் என் வழக்கமாகிவிட்டது.

முதலில் பாளையங்கோட்டையில் குளோரிந்தா ஆலயம். பெரிய கோபுரத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஒரு வீடு மாதிரிதான் தெரியும். குளோரிந்தா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த மராட்டிய பிராமண விதவை. 1778-இல் ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார் (எங்கள் பக்கம் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வோம்). 1780-இல் தொடங்கிய சபைப் பதிவேட்டில் நாற்பது பேர். முதல் பெயர் அவருடையது. அவர் முன்கை எடுத்ததால் 1785-இல் ஆலயம் எழுந்தது. ஊர் வாயில் அது பாப்பாத்தியம்மாள் கோயில். திருநெல்வேலிச் சபையின் முதல் கட்டட நிதிக்கு ஒரு விதவை பிள்ளையார்சுழி போட்டார் என்று சொல்லலாம். பிள்ளையார்சுழி இந்த இடத்தில் சரியான வார்த்தைதானா என்று தெரியவில்லை, ஆனால் எங்கள் பாட்டி பைபிள் நோட்டில்கூட அதைப் போட்டுவிட்டுத்தான் எழுதுவாள்.

அடுத்தது ஊசிக்கோபுரம். ரேனியஸ் ஐயர் கட்டிய திரித்துவ ஆலயம், 1826-இல் பிரதிஷ்டை. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது 1830-இல் அவர் தொடங்கிய தர்மசங்கம். வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு, வந்தவர்களை அந்தக் காலத்தில் ஊரைவிட்டு விரட்டினால் போய் நிற்க ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. சபையார் காசு போட்டு நிலம் வாங்கிக் குடியேற்ற ஏற்படுத்தியதுதான் அந்தச் சங்கம். வெளியிலிருந்து வந்த பணமும் உண்டு. பிரஷ்யாவைச் சேர்ந்த டோனா பிரபு அனுப்பிய பணத்தில் 1827-இல் உருவான ஊர் டோனாவூர். கொடுத்தவர் அந்த ஊரைக் கண்ணால் பார்த்ததில்லை, பெயர் மட்டும் பஸ் பலகையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அங்கிருந்து கொஞ்சம் சுற்றுவழியாக முதலூர். 1799-இல் ஏற்பட்ட, இந்தப் பக்கத்தின் முதல் கிறிஸ்தவக் குடியிருப்பு. பெயரின் காரணமும் அதுதான். உண்மையைச் சொன்னால் நான் இறங்கியது மஸ்கோத் அல்வாவுக்காக. தேங்காய்ப்பால் மணக்க அரைக் கிலோ வாங்கிக்கொண்டு அடுத்த பஸ் பிடித்தேன்.

மெய்ஞ்ஞானபுரம் நெருங்கும்போது ஊருக்கு முன்னால் கோபுரம் தெரிந்துவிடும். பனைமரத் தலைகளுக்கு மேலே, செம்மண் வெளியில், 192 அடி. வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த ஜான் தாமஸ் ஐயர் 1840-களில் தொடங்கிய வேலை. கோபுரம் முழுதாக எழுந்தது 1868-இல். இரண்டே வருஷத்தில், 1870-இல், அவர் காலமானார். உள்ளே போய் உட்கார்ந்தேன். மத்தியானம், ஆள் இல்லை. புறா சத்தம் மட்டும். வேண்டிக்கொள்ள நினைத்ததெல்லாம் மறந்துபோய், வளைவுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். இதைச் சுற்றி அன்றைக்கு இருந்தவர்கள் பெரும்பாலும் பனையேறிகள். வருஷத்தில் பாதி நாள்தான் பதநீர். வருஷத்துக்கு ஒரு நாள் கூலியைக் கோயில் கட்ட என்று எடுத்து வைப்பார்கள் என்று தாத்தா சொல்வார். பனை ஏறுகிறவனுக்கு ஒரு நாள் கூலி என்றால் எத்தனை மரம், எத்தனை தடவை நெஞ்சு உராய ஏறி இறங்குவது என்று உள்ளே உட்கார்ந்திருந்தபோதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

பக்கத்தில்தான் வெள்ளாளன்விளை. 1874-இல் அசரியா பிறந்த ஊர். தகப்பனார் அங்கே குருவானவர். 1912-இல் ஆங்கிலிகன் சபையின் முதல் இந்தியப் பேராயரானவர் என்பது பலருக்கும் தெரியும். அதற்கு முன்னால், 1903 பிப்ரவரி 12-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. சீமைப் பணம் வேண்டாம், நம் காசில் நம் ஆட்களை அனுப்புவோம் என்பதுதான் தீர்மானம். அனுப்பியது தெலுங்கு நாட்டுக்கு, நிஜாம் ராஜ்யத்து தோர்ணக்கல்லுக்கு. மிஷனரிகளைச் சோறு போட்டுக் காப்பாற்றியதில் கைப்பிடி அரிசிக்கும் பங்குண்டு. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பது. வாரக் கடைசியில் அதைக் கோயிலில் சேர்ப்பது. மிசோரம் சபைகளிலும் 1910 முதல் இதே வழக்கம் உண்டு. எங்கள் பாட்டியின் கலயம் அடுப்படி மூலையில் இருந்தது. அரிசி குறைவான நாட்களில் அவள் கை சின்னதாகுமே தவிர, கலயத்துக்குப் போகாமல் இருந்ததில்லை.

மறுநாள் பண்டிகை. ஆல்டரைச் சுற்றி வாழைத்தார், நெற்கதிர், முருங்கைக்காய்க் கட்டு, தேங்காய், பூசணி, முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு. தூணில் கட்டியிருந்த ஆடு பிரசங்கம் முழுக்க ஐயருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. ஆராதனை முடிந்து அசனம். அரிசி ஒரு வீடு, ஆடு ஒரு வீடு, விறகு ஒரு வீடு என்று பிரித்துக் கொடுத்ததுதான் எல்லாம். பக்கத்து அம்மன் கோயில் தெருவிலிருந்தும் தூக்குவாளியோடு வந்தார்கள். கறியும் பருப்பும் ஊற்றிய அந்தச் சோற்றுக்கு ஈடாக எந்தக் கல்யாண வீட்டிலும் நான் சாப்பிட்டதில்லை.

அப்புறம் ஏலம். இந்த வருஷ வசூல் கூரை ஓடு மாற்றுவதற்கு. மைக் பிடித்தவர் பள்ளிக்கூட வாத்தியார்.

"என்னவே, நாட்டுக்கோழி முட்டைக்கு நூறு ரூவா கேக்கக்கூட ஆளில்லையா? ஒரு தரம்!"

முட்டை 350-க்குப் போனது. ஒரு வாழைத்தாருக்குச் சித்தப்பா மகன் ஒருவனும் பெரியப்பா மகன் ஒருவனும் மல்லுக்கு நின்றார்கள். இரண்டு வீட்டுக்கும் வரப்புத் தகராறாம். துபாயிலிருந்து ஒருவர் வீடியோ காலில் கேட்டார். இதில் பக்தி எவ்வளவு, வீம்பு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. சபைக் கமிட்டிக்கும் அது தெரியும். தெரிந்துதான் அந்தத் தாரைக் கடைசி வரை வைத்திருந்து எடுத்தார்கள். எனக்குப் பழைய கூச்சம் எட்டிப் பார்த்தது.

நடுவே ஒரு கொட்டான் கருப்பட்டி வந்தது. ஊரில் மிச்சமிருக்கிற ஒரே பனையேறி கொடுத்தது. ஆயிரத்துக்கு எடுத்தவர், "கோயிலுக்கே திருப்பி வச்சுக்கோங்க" என்றார். மறுபடி ஏலம். எண்ணூறு. அவரும் திருப்பிக் கொடுத்தார். மூன்றாவது முறை அறுநூறு. ஒரே கருப்பட்டி 2,400 ரூபாய் சம்பாதித்துவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். கடைசி வரிசையில், எனக்குப் பக்கத்தில் அந்தப் பனையேறித் தாத்தா.

"கடையில இதுல பாதி வெல குடுத்திருந்தா எம்மவன் ஏன் வே திருப்பூருக்குப் போறான்?" என்றார். சொன்ன கையோடு, அடுத்து வந்த பூசணிக்காய்க்கு "அம்பது" என்று கை தூக்கினார்.

பெட்டைக்கோழி ஒன்று வந்தபோது எதற்கென்று யோசிக்காமல் நான் கேட்டுவிட்டேன். எதிர்த்துக் கேட்க இருந்தது ஒரே ஒரு சின்னப் பையன். அவனும் ஐந்நூறில் நின்றுவிட்டான். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். மைக்கில் என் பெயரோடு அப்பா பெயரையும் சேர்த்து வாத்தியார் வாசித்தார். கால் கட்டிய கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தேன்.

"ராத்திரி ரயில்ல இத எப்படி ராசா கொண்டு போவே?" என்று சித்தி சிரித்தாள்.

திருப்பிக் கோயிலுக்கே கொடுத்துவிடட்டுமா என்றேன்.

"வேண்டாம், எங்கிட்ட நிக்கட்டும். அட வச்சுப் பொரிச்சா ஒரு குஞ்சு கோயிலுக்கு. அடுத்த வருஷம் நீயே வந்து ஏலத்துல எடு."