மாருதி 800 தரைத்தகடு: ஓட்டை விழாமல் ஒரு சாண்

சென்ற ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தில் ஒரு சாண் நீள இணைப்பை மிக் (MIG) வெல்டிங் மெஷினால் ஓர் ஓட்டைகூட விழாமல் பற்றவைத்து முடித்தேன். வண்டி 1996ஆம் ஆண்டு மாருதி 800. ஆறு வாரமாக அதன் தரைத்தகட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவனுக்கு ஒரு சாண் சிறிய தூரம் அன்று. இதற்கு முன் வைத்த ஒட்டில் பதினொரு ஓட்டைகளை எண்ணினேன். ஒன்றை அடைக்கப் போய் அது மூன்றான இடமும் உண்டு.

துருவைக் கஞ்சத்தனமாக வெட்டியது முதல் தவறு. நல்ல இடத்தில் 0.8 மி.மீ. காட்டிய தகடு, துரு தின்ற ஓரத்தில் 0.5 மி.மீ.கூட இல்லை. அந்த ஓரத்தில் எந்த மெஷினை வைத்தாலும் பொத்துக்கொள்ளத்தான் செய்யும். இம்முறை பளபளப்பான இரும்பு தெரியும்வரை இரண்டு விரற்கடை உள்ளே தள்ளி வெட்டினேன். ஒட்டுத்தகட்டையும் ஹேக்சா பிளேடு நுழையாத அளவுக்கு நெருக்கமாக அராவிப் பொருத்தினேன்.

அடுத்தது, மெஷின் தானாகத் தள்ளித் தர, பொறியில் உருகி இணைப்பை நிரப்பும் கம்பி. 0.8 மி.மீ. கம்பி 40 ஆம்பியருக்குக் கீழே ஒழுங்காக எரிவதில்லை. இந்தத் தகட்டைத் தொடர்ந்து இழுத்துச் செல்ல ஏறத்தாழ 30 ஆம்பியரே போதும். ஆகவே 0.6 மி.மீ. கம்பிக்கு மாறினேன். மதுரையில் நான் கேட்ட நான்கு கடைகளிலும் 0.8, 1.2 தவிர வேறு பேச்சே இல்லை. 5 கிலோ உருளை ஒன்றைச் சொல்லிவைத்து இருபது நாள் காத்திருந்து வாங்கினேன். வந்த ஆவலில், கம்பி வெளியே வரும் துளையுள்ள முனையான டிப்பை மாற்றாமல் பழைய 0.8 டிப்பையே விட்டுவிட்டதால், கம்பி துளைக்குள் ஆடி, நான் குறிவைத்த இடம் ஒன்றும் பொறி விழுந்த இடம் ஒன்றுமாக ஒரு மாலைப்பொழுது வீணாயிற்று. டிப்பையும், கம்பியைத் தள்ளும் ரோலரின் காடியையும் சேர்த்தே மாற்ற வேண்டும். உருகும் இரும்பைக் காற்று தொடாமல் காக்கும் வாயுவாகக் கார்பன் டை ஆக்சைடை மட்டும் விட்டபோது பொறி முரட்டுத்தனமாக ஆழ இறங்கியது. கப்பலூரிலிருந்து எடுத்துவந்த 80க்கு 20 ஆர்கான்-கார்பன் டை ஆக்சைடு கலவையில் அது மிகவும் சாதுவாகிவிட்டது. விலை கூடுதல்தான், ஆனால் இனி பழையதற்குத் திரும்பப் போவதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஓட்டை விழுந்துகொண்டுதான் இருந்தது. மெஷினைக் குறைத்து வைத்தால் தகடு தப்பிக்கும் என்று நான் உறுதியாக நம்பியதே காரணம். குறைத்து வைத்தால் கம்பி தகட்டோடு உருகிச் சேராமல் மிளகு போல உருண்டு மேலே நிற்கிறது. சேரட்டும் என்று விசையை இன்னும் சற்று அழுத்திப் பிடித்தால், சூடு சுற்றிலும் பரவி, ஒரு ரூபாய் அகலத்துக்குத் தகடு சிவந்து, திடீரென்று உள்ளே இறங்கிவிடுகிறது. சேராத மிளகைக் கிரைண்டரால் தேய்க்கும்போது பக்கத்துத் தகடும் தேய்ந்து மெலிகிறது. மறுமுறை வைத்தால் அங்கேதான் பொத்துக்கொள்ளும். பழங்காநத்தத்தில் டிங்கர் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் அந்த ஒட்டைக் கொண்டுபோய்க் காட்டியபோது, அவர் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏன் தம்பி பயந்து பயந்து வைக்கிறீங்க? நல்லா வச்சுட்டு வெரசா கையை எடுங்க."

அவர் சொன்னபடி 50 ஆம்பியர் அளவுக்கு ஏற்றினேன். மனத்துக்குள் 'மீனாட்சி' என்று சொல்லி முடிப்பதற்குள் விரல் விசையை விட்டுவிட வேண்டும். அப்படி ஒரு நொடியில் வைத்த பற்றுப் பொட்டு தட்டையாக அமர்ந்தது. தகட்டின் பின்புறம் கடுகளவு புடைப்பு தெரிந்தது. முதலில் ஓர் அங்குலத்துக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டு, இடைவெளிகளை மாற்றி மாற்றி நிரப்பினேன். ஒவ்வொரு புதிய பொட்டையும் பழைய பொட்டின் விளிம்பில் தொடங்கினேன். கனம் கூடிய அந்த இடம் முதல் சூட்டைத் தாங்கிக்கொள்கிறது. சிவப்பு அடங்கினால் போதாது. பக்கத்தில் புறங்கையை வைக்க முடியும்வரை அந்தப் பக்கம் திரும்பவே கூடாது.

செப்புப் பட்டையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மின் பேனல் போர்டு செய்யும் நண்பரிடம் மீந்திருந்த 25 மி.மீ. அகலம், 6 மி.மீ. கனமுள்ள பஸ்பார் (மின்சாரம் கடத்தும் பட்டை) துண்டு அது. இணைப்புக்கு அடியில் இறுக்கமாக முட்டுக்கொடுத்தால் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. உருகிய இரும்பும் அதில் ஒட்டுவதில்லை. செம்பைக் காந்தம் பிடிக்காது என்பதால், வண்டியை ஸ்டாண்டுகளில் நிறுத்தி, அதன் சொந்த ஜாக்கியின் மேல் ஒரு வேப்பங்கட்டையை வைத்துப் பட்டையை மேலே அழுத்தினேன். கட்டை சற்றே கருகியதைத் தவிர வேறு குறையில்லை. தரையின் வளைவுக்கு ஏற்ப வளைக்க முதலில் சுத்தியலால் அடித்துப் பார்த்தேன், அசையவில்லை. சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு எடுத்த பிறகு கையாலேயே வளைந்தது. இரும்பைப் போலச் செம்பு இறுகிப்போகாது என்பதைப் படித்திருந்தாலும், அன்றுதான் கை நம்பியது.

அம்மியையே நகர்த்தும் ஆடிக் காற்றுக்கு நிமிடத்துக்கு 12 லிட்டர் வாயு எம்மாத்திரம்? திருப்பரங்குன்றத்தில் என் கொட்டகைக்கு இரண்டு பக்கம் சுவரில்லை. வாயு கலைந்து பொட்டுகளில் ஊசித்துளை விழுந்ததை, நெடுநாள் துரு மிச்சம் என்றே நினைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். இப்போது தார்ப்பாய் கட்டியாயிற்று.

இதற்கிடையே மாமாவின் பழைய சேத்தக் ஸ்கூட்டரின் பக்கமூடி என் கொட்டகைக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதன் கீழ்விளிம்பு முழுவதும் துரு. அதற்குப் பொருத்தமாக இன்னொரு செப்புப் பட்டையைக் காய்ச்சி வளைத்தும் வைத்துவிட்டேன். தரைத்தகட்டில் இன்னும் ஒன்றரைச் சாண் பாக்கி. அதில் அரைச் சாண் ஜாக்கி எட்டாத மூலையில் இருக்கிறது.