பீட்லாக் வீல் போல்ட்டில் துரு ஏறாமல் இருக்க, நம்ம ஊருக்கு ஏற்ற மாதிரி

"கோயம்புத்தூர்ல என்னங்க துரு, இங்க கடலா இருக்கு?" என்று கேட்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தார், ஜிம்னி, கூர்க்கா, பழைய ஜிப்ஸி என்று நம்ம பக்கம் ஜீப் வகை வண்டி வைத்திருக்கிறவர்கள் கம்பெனி வீலைக் கழற்றிவிட்டு நல்ல காசு போட்டு பீட்லாக் வீல், அதாவது ஓரத்தில் ஒரு ரிங்கை வைத்துச் சுற்றி போல்ட் போட்ட வெளி வீல், மாட்டுகிறார்கள். ஒரு மழைக்காலம் தாண்டினால் வீல் பளபளவென்று இருக்கிறது, ஆனால் ரிங்கைச் சுற்றியிருக்கும் போல்ட் தலை ஒவ்வொன்றிலிருந்தும் காவி நிறத்தில் கோடு வழிந்திருக்கிறது. பார்க்க அசிங்கம் என்பது சின்ன விஷயம். டயர் மாற்றும்போது அந்த போல்ட் கழலாமல் நடுவில் முறிந்தால், வீலையே லேத் பட்டறைக்குத் தூக்கிப் போக வேண்டியதுதான்.

உப்பு கடலில் மட்டும் இல்லைங்க. காங்கயம், பல்லடம் பக்கம் எத்தனையோ வீட்டில் ஆழ்குழாய்த் தண்ணீரில் பாத்திரம் கழுவிக் காயவைத்தால் வெள்ளையாகப் படலம் படிகிறது. அதே தண்ணீரில்தான் வண்டியையும் கழுவுகிறோம். தென்னந்தோப்புக்குள் போனால் உரமும் எருவும் கலந்த சேறு, நாமக்கல் பக்கம் கோழி எரு கொட்டிய காடு. திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றின் கதை எல்லாருக்கும் தெரியும். துணியில் சாயம் ஏற மூட்டை மூட்டையாக உப்பு போடுவார்கள், அந்தக் கழிவெல்லாம் ஆற்றில் இறங்கி ஒரத்துப்பாளையம் அணை வரைக்கும் தேங்கி, கடைசியில் 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் நிலை வந்தது. இதெல்லாம் போக, லீவு விட்டால் நம்ம ஆட்கள் நேராகக் கண்ணூர் முழப்பிலங்காடு போய்க் கடற்கரையிலேயே வண்டியை ஓட்டிவிட்டு வருகிறார்கள்.

ஆனால் உப்பை விடவும் பெரிய வில்லன் நிற்கிற தண்ணீர். ஆலன் போல்ட் தலையில் இருக்கும் அறுகோணக் குழியை ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் செம்மண் அப்பிக் காய்ந்திருக்கும். கோணி ஊசியால் கிளறினால் மேலே பொடியாகவும் உள்ளே இன்னும் ஈரமாகவும் வரும், அதற்கும் கீழே பழுப்பாகப் பொருக்கு. மழை நின்று நாலு நாள் ஆனாலும் அந்தக் குழிக்குள் காயாது. வாஷருக்கு அடியிலும் மரைக்குள்ளேயும் இதேதான் நடக்கிறது, நம் கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறை மழையில் ரெண்டு நாள் இருந்துவிட்டு இறங்கி வந்தால், வெயில் பட்டு வண்டி காய்ந்துவிடும், போல்ட் காயாது.

அடுத்து ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். உங்கள் வீலில் இருப்பது நிஜ பீட்லாக்கா, பார்வைக்கு வைத்த போல்ட்டா? நிஜ பீட்லாக்கில் டயரின் ஓரத்தை வீலுக்கும் வெளி ரிங்குக்கும் நடுவில் வைத்து அந்த போல்ட்கள்தான் கவ்விப் பிடிக்கின்றன. மணலில் 10 பி.எஸ்.ஐ. அளவுக்குக் காற்றை இறக்கி ஓட்டினாலும் டயர் வீலை விட்டுக் கழலாமல் இருப்பது அதனால்தான். பார்வை போல்ட்டுக்கு அந்த வேலை எதுவும் கிடையாது. அப்படிப்பட்ட வீல் என்றால் பெரிய கவலை வேண்டாம், எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட் வாங்கி மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

நிஜ பீட்லாக்குக்கும் "எஸ்.எஸ். போட்டுடுங்ணா, முடிஞ்சுது" என்று கடையில் சொல்வார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் எஸ்.எஸ். போல்ட் தலையில் ஏ2-70 என்று போட்டிருக்கும், அதன் இழுவலிமை, அதாவது அறுவதற்கு முன் தாங்கும் இழுப்பு, 700 மெகாபாஸ்கல். 10.9 என்று குத்தியிருக்கும் ஹைடென்சைல் போல்ட்டுக்கு 1000. வீல் கம்பெனி 10.9 கொடுத்திருக்கிற இடத்தில் எஸ்.எஸ். போட்டால், துருவுக்குப் பயந்து இழுவலிமையில் பத்துக்கு மூன்று பங்கை விட்டுக்கொடுக்கிறோம். அது மட்டும் இல்லை. அலுமினிய வீலில் எஸ்.எஸ். போல்ட் ஈரத்தோடு சேர்ந்து இருந்தால் அரிக்கப்படுவது போல்ட் இல்லை, வீல். போல்ட் புதுசு மாதிரியே மின்னும், துளையைச் சுற்றி வெள்ளைத் தூள் கிளம்பும். அந்தத் தூள் மரைக்குள் உப்பி இறுக்கிப் பிடித்துக்கொண்டால் அப்புறம் எந்த ஸ்பேனருக்கும் அசையாது.

கறுப்பாக அழகாக இருக்கும் 12.9 ஆலன் போல்ட்டும் வேண்டாம். அந்தக் கறுப்பு வெறும் மேல்பூச்சு, எண்ணெய் காய்ந்துபோனால் ஒரே மழையில் துரு ஏறும். அதை ஜிங்க் பிளேட்டிங் போட்டு வாங்கிக்கலாம் என்று பட்டறையில் கொடுப்பவர்கள் உண்டு. ஆசிட்டில் முக்கிப் பிளேட்டிங் போடும்போது ஹைட்ரஜன் இரும்புக்குள் இறங்கி இந்த மாதிரி கடினமான போல்ட்டை நொறுங்கும்படி ஆக்கிவிடும். பிளேட்டிங் முடிந்த கையோடு 200 டிகிரி சூட்டில் மணிக்கணக்கில் வைத்து எடுத்தால்தான் அது வெளியேறும், அவசரத்துக்குச் செய்து கொடுக்கும் இடத்தில் அதை யார் செய்கிறார்கள்? மாட்டும்போது ஒன்றும் தெரியாது, ஓடும்போது தலை தனியாகத் தெறிக்கும்.

நான் சொல்வது 10.9 போல்ட், ஜிங்க் ஃபிளேக் (துத்தநாகச் செதில்) பூச்சு உள்ளது. ஜியோமெட் என்ற பெயரில் கேட்டால் தெரிந்த கடையில் புரிந்துகொள்வார்கள். மங்கிய வெள்ளி நிறத்தில் இருக்கும், மினுமினுப்பு இருக்காது. சாதாரண ஜிங்க் பிளேட்டிங்கை விட உப்புக்குப் பல மடங்கு தாங்கும், ஹைட்ரஜன் தொல்லையும் இல்லை. விலை கூடத்தான், ஆனால் வீல் விலையோடு வைத்துப் பார்த்தால் அது ஒரு பணமே இல்லை.

மாட்டும் முறைதான் பாதி வேலை. துளையை வயர் பிரஷ் போட்டு, காற்றடித்து, பனியன் வேஸ்ட்டால் துடைத்துச் சுத்தமாகக் காயவிட்டு, மரையிலும் வாஷர் உட்காரும் இடத்திலும் ஆன்டி-சீஸ் (மரை இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் இருக்கத் தடவும் பசை) மெல்லிசாகத் தடவ வேண்டும். நிக்கல் அல்லது அலுமினியம் கலந்ததாக வாங்குங்கள், செம்பு கலந்தது அலுமினிய வீலுக்கு ஆகாது. இங்கேதான் ஒரு ஆபத்து இருக்கிறது: வழுவழுப்பு ஏறிவிட்டால் அதே டார்க்கில் (இறுக்கும் திருகு விசையில்) போல்ட் இன்னும் அதிகமாக இழுபடும், கால் பங்குக்கு மேலேயே கூடிவிடும். அதனால் வீல் கம்பெனி கொடுத்த டார்க் உலர்ந்த மரைக்கா, எண்ணெய் போட்ட மரைக்கா என்று பார்த்துவிட்டு இறுக்குங்கள். சுற்றி வரிசையாக இறுக்காமல் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். இம்பேக்ட் கன் இந்த போல்ட் பக்கமே வரக்கூடாது, அது பூச்சை உரித்துவிடும். 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை டார்க் ரென்ச் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் இறுக்கிய பிறகு அந்த அறுகோணக் குழியை கெட்டி கிரீஸ் வைத்து நிரப்பிவிடுங்கள். தண்ணீர் நிற்க இடமே இல்லை என்றால் துரு எங்கே உட்காரும்? மேலே மண் ஒட்டும், ஒட்டட்டும், கழற்றும்போது ஊசியால் நோண்டி எடுத்துவிடலாம். போல்ட் தலையின் வெளிப்பக்கத்துக்கு மட்டும் கிரீஸ் வேண்டாம், பைக் செயினுக்கு அடிக்கும் மெழுகு வகை ஸ்பிரே போதும். டபிள்யூடி-40 அடித்துவிட்டு நிம்மதியாக இருக்கிறவர்கள் நிறைய. அது தண்ணீரை விரட்டும், இறுகிப்போனதை இளக்கும், ஆனால் மழைக்காலம் முழுக்க நின்று காக்காது.

வண்டியைத் தாங்கும் வீல் நட்டு கதை வேறு. இங்கே ஆன்டி-சீஸ், எண்ணெய் எதுவும் வேண்டாம், முக்கியமாக நட்டின் கூம்பு உட்காரும் இடம் சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். குரோம் தொப்பி போட்ட நட்டை வாங்காதீர்கள், தொப்பிக்குள் துரு ஏறி உப்பினால் நடுக்காட்டில் ஸ்பேனரே நுழையாது. ஒரே துண்டில் அடித்த நட்டு வாங்குங்கள். ஹப்பும் (வண்டியில் வீல் உட்காரும் பாகம்) அலாய் வீலும் ஒட்டும் இடத்தில் துரு பிடித்து வீல் வெளியே வராத பிரச்சினைக்கு, ஹப்பின் நடு விளிம்பில் மட்டும் ஒரு பூச்சு ஆன்டி-சீஸ் தடவினால் சரியாகிவிடும்.

வாட்டர் சர்வீஸ் விடும்போது பக்கத்திலேயே நின்று, வீலுக்கு ஆசிட் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் தம்பிகளா. அலாய் பளிச்சென்று ஆகும், போல்ட்டின் ஜிங்க் கரைந்துபோகும். ஜிங்க் தேயத் தொடங்கினால் போல்ட் தலையில் முதலில் வெள்ளையாகப் பூக்கும், காவி நிறம் அதற்கு அப்புறம்தான் வரும். வெள்ளை தெரியும்போதே துடைத்து மெழுகு ஸ்பிரே அடித்தால் காப்பாற்றிவிடலாம். காவி லேசாக மட்டும் என்றால் தேய்த்து ஓட்டலாம், பொருக்காக உரிந்தால் அந்த போல்ட்டை யோசிக்காமல் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டுங்கள். முடிந்தால் கடைசியாக ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றிக் காற்றடித்து விடுங்கள், சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டுக்காரர்களுக்கு அது சுலபம்.

பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியையும் இதே மாதிரி பாருங்கள். அது சுற்றுவதே இல்லை, அதனால் கீழ்ப்பக்கத்து போல்ட்டில் தேங்கிய தண்ணீர் அங்கேயே கிடக்கும். கவர் போட்டிருந்தால் இன்னும் மோசம். மாதம் ஒருமுறை கவரைக் கழற்றி, ஸ்டெப்னியை அரைச் சுற்றுத் திருப்பி மாட்டிவிடுங்கள்.