முறுக்கின் முதல் சுற்று

டோக்கியோ வந்த முதல் வாரத்தில் எனக்கு வாசிக்கத் தெரிந்த ஜப்பானிய எழுத்து ஒன்றே ஒன்றுதான்: 'நோ'. முறுக்குப் பிழியத் தொடங்கி முதல் சுற்றோடு கையைத் தூக்கிவிட்டால் எப்படி இருக்கும், அப்படி ஒரு வடிவம். ஒரே இழுப்பில் எழுதிவிடலாம். ஹிரகானா என்ற ஒலியெழுத்து வரிசையில் அடிப்படை எழுத்துகள் 46தான். 247 படித்தவனுக்கு இது எம்மாத்திரம் என்று நினைத்தேன். கான்ஜி என்று சீனத்திலிருந்து வந்த எழுத்துகளின் பட்டாளம் ஒன்று பின்னால் நிற்பது அப்போது உறைக்கவில்லை.

நிஷி கசாயில் அறை எடுத்திருந்தேன். கடைப் பலகை, பால் டப்பா, ரயில் விளம்பரம் எதைப் பார்த்தாலும் ஒரு மூலையில் 'நோ' இருக்கும். திருவிழாக் கூட்டத்தில் நம் தெருக்காரர் தலை தெரிவது போல ஒரு நிம்மதி.

நமக்கு 'நோ' என்றால் ஒன்று மறுப்பு, இல்லாவிட்டால் வலி. அவர்களுக்கு அது 'உடைய'. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பாட்டி ஒருவர் 'தொமொதாச்சி நோ ஒகாசான் நோ இயே' என்று பலகையில் எழுதினார். நண்பனின் அம்மாவின் வீடு. சொல்லுக்குச் சொல், அதே வரிசை! பக்கத்தில் ஆங்கிலேயர் ஒருவர் வாக்கியத்தைப் பின்னாலிருந்து பிரித்துக்கொண்டிருந்தார். நான் கால்மேல் கால் போட்டுக்கொண்டேன்.

அந்தத் திமிர் அடுத்த வாரமே இறங்கியது. கிடைத்த இடமெல்லாம் 'நோ' போட்டு, சிவப்புப் பூவுக்கு 'அகாய் நோ ஹனா' என்றேன். 'அகாய் ஹனா' போதுமாம். "எங்கள் ஊர்க் குழந்தைகளும் இப்படித்தான் தப்புவிடும்" என்றார் பாட்டி. எனக்கு வயது 34.

அப்புறம் இன்னொரு கூத்து. யாமனோதே ரயில் பாதையின் பெயரை எழுதினால் மூன்று கான்ஜிதான். நடுவில் 'நோ' இல்லை, வாயில் மட்டும் வரும். போருக்குப் பின் அது 'யாமதே' ஆகி, 1971இல்தான் தன் 'நோ'வைத் திரும்பப் பெற்றது. ஓர் எழுத்து காணாமல் போனாலும் ரயில் ஓடியிருக்கிறது பாருங்கள்.

சிறுவர்கள் எழுத்துகளை வைத்தே முகம் வரைவார்கள். 'ஹே' புருவமும் வாயும், 'மோ' மூக்கு, 'ஜி' முகத்தின் விளிம்பு. கண்கள் இரண்டும் 'நோ'. சற்றுத் தூக்கக் கலக்கமான கண்கள். எனக்கு மிகவும் பிடித்த முகம் அது.

பாட்டி வீட்டில் ஒருநாள் காப்பி போட்டார். காகித வடிகட்டியில் தூளைப் போட்டு, வெந்நீரை நடுவிலிருந்து சுழற்றி ஊற்றினார். "நோ எழுதுவது போல ஊற்ற வேண்டும்" என்று கெட்டிலை என் கையில் கொடுத்தார். இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்லித் தருவார்களாம்.

இப்போது ஊரிலிருந்து கொண்டுவந்த பித்தளை ஃபில்டரிலும் அப்படியே ஊற்றுகிறேன். அதனால் டிகாக்‌ஷன் கெட்டியாக இறங்குகிறதா என்றால், இல்லை. சிக்கரி தீர்ந்து ஒரு மாதம் ஆகிறது.