கல்விக்கடனும் மார்க்கெட்டிங் எம்.பி.ஏ.வும்

மன்னார்குடியில் இருக்கும் அக்கா மகன், மார்க்கெட்டிங்கில் எம்.பி.ஏ. படிக்க 6 லட்சம் ரூபாய் கல்விக்கடன் வாங்கலாமா என்று கேட்டிருந்தான். ஆண்டுக்கு 3 லட்சமாகப் பெற்று, 10 சதவீதத் தனிவட்டி என்று வைத்துக்கொண்டாலும், படிப்பு முடிந்து ஓராண்டு அவகாசமும் கழிகையில் கடன் 7.5 லட்சமாகிவிடும், அதன்பின் பத்தாண்டுகளுக்கு மாதம் சுமார் 9,900 ரூபாய் கட்ட வேண்டும். இணைக் கடனாளியாகக் கையெழுத்திடப் போகிறவரோ, குறுவைக்கு மேட்டூர்த் தண்ணீரை எதிர்பார்த்திருக்கும் அவன் அப்பா. தொடக்கச் சம்பளம் 25,000 என்றால், சென்னை அறை வாடகையும் மெஸ் செலவும் போக மிஞ்சுவது தவணைக்கே சரியாகிவிடும். இலக்கை எட்டினால்தான் கிடைக்கும் இன்சென்டிவை (அதைத்தான் முதலில் சொன்னான்) வருமானமாகவே நான் எண்ணவில்லை. கல்லூரி விளம்பரப்படுத்தும் அதிகபட்சச் சம்பளத்தை விட்டுவிட்டு, சென்ற ஆண்டு மார்க்கெட்டிங் மாணவர்களில் நடுவில் நிற்பவர் பெற்ற சம்பளத்தை எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன்.